மைனஸ் அஞ்சு

ஐம்பது தாண்டினால் ஒருவருக்குச் சர்க்கரை வரும், ரத்த அழுத்தம் வரும். மருந்து இருக்கிறது. கண்ணாடிக்காரருக்குச் சங்கீதம் வந்தது. அதற்கு மருந்தும் கிடையாது, பத்தியமும் அவருக்கில்லை. கூட இருப்பவர்கள்தான் இருக்க வேண்டும்.

கண்ணாடிக்கடை நடத்துகிறவர் அவர். வருகிறவர்களின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று வருஷக்கணக்காகக் கேட்டே வாய் பழகியவர். அந்தக் கேள்வி இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. "இந்த ஆ தெளிவா, அந்த ஆ தெளிவா?" மகள் எதையாவது சொல்லித் தப்பித்தாள். கடைக்கு வருகிறவர்கள் தள்ளுபடியை நினைத்து இரண்டுமே பிரமாதம் என்றார்கள். வித்தியாசம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவளை அவர் கேட்கவே இல்லை.

அவள் அவர் மனைவி. ஆஸ்பத்திரி லேபில் குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. அங்கே அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். வீறிட்டு அழுகிற வாண்டைத் தாயின் மடியில் உட்கார வைத்து, முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிக்கொண்டே ஒரு பழைய படகுப் பாட்டைப் பாடுவாள். பாட்டு ஓரிடத்தில் கிடுகிடுவென்று மேலே ஏறும். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு அவள் முகத்தைப் பார்க்கும். அந்த இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அழலாமா வேண்டாமா என்று குழந்தை முடிவு செய்வதற்குள் பஞ்சை வைத்து ஒட்டிவிடுவாள்.

கண்ணாடிக்காரர் கீபோர்டு வாங்கி வந்த அன்று ஒரு பாட்டு வாசிப்பார் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். பாட்டா? அதெல்லாம் அவசரக்காரர்கள் செய்கிற காரியம். இவர் முறையாகப் போகிறவர். செல்போனில் தாடி மாஸ்டர் ஒருவர் பாடம் நடத்தினார். அவர் சொன்னால் வேதவாக்கு. காலையில் ஹாலில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கடையின் பிரேம் கேட்லாக்கை வைத்து மூச்சு விடுவார். கேட்லாக் ஏறி இறங்கினால் மூச்சு அடிவயிற்றிலிருந்து வருகிறதாம். அப்புறம் உதட்டைச் சேர்த்துப் புர்ர்ரென்று விடுவார், ஸ்டார்ட் ஆகாத பழைய பைக் மாதிரி. தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு அதற்குள் 'ஊ' என்று பாடுவார். வாசிக்கும்போது உள்ளங்கை குழிந்திருக்க வேண்டுமென்று கைக்குள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வார். சாயங்காலம் அந்தப் பழத்தைப் பிழிய வீட்டில் ஒருவருக்கும் மனசு வராது.

"அப்பா, பாட்டு எப்பப்பா வரும்?" என்று மகள் கேட்டாள்.

"அஸ்திவாரம் போட்டுக்கிட்டிருக்கேம்மா. அவசரப்பட்டா கட்டடம் நிக்காது."

"தோண்டிக்கிட்டே இருக்கீங்களே, தண்ணி வந்துடப் போகுது."

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும், விரல்கள் நிஜமாகவே தேறின. தாளம் தட்டுகிற கருவியை டிக் டிக்கென்று ஓடவிட்டு, முதலில் ஆமை வேகத்தில், பிறகு ஒவ்வொரு படியாகக் கூட்டி, தப்பினால் திரும்ப ஆமையிலிருந்து ஆரம்பித்து, மனுஷன் உடும்புப்பிடியாகப் பிடித்தார். பிடித்ததோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் படகுப் பாட்டை முனகினாள். கண்ணாடிக்காரர் செல்போனை நீட்டிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தார். அதில் சுருதி சரியா தப்பா என்று காட்டுகிற முள் ஒன்று இருந்தது. அதை அவள் வாய்க்கு எதிரே பிடித்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பாத்திரம் உருண்டது, முள் சிவப்பில் போய் நின்றது.

"பாத்தியா? தப்புச் சுருதியைக் கேட்டா பழக்குற காது கெட்டுப்போகும்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். நான் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் வீட்டுல முனகாதே."

"சரிங்க" என்றாள்.

இந்தச் 'சரிங்க'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையில் இருந்த கரண்டியை அந்தச் செல்போன் மேல் போட்டிருக்க வேண்டாமா? ஆனால் அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. பாட அவளுக்கு லேப் இருந்தது.

அஸ்திவாரம் முடிந்து கண்ணாடிக்காரர் ஒருவழியாகப் பாட்டுக்கு வந்தார். எடுத்தது படகுப் பாட்டையே. தானாக மனசில் உதித்ததாம். இத்தனை காலம் அது யார் வாயிலிருந்து அவர் காதில் விழுந்தது என்று அவர் யோசிக்கவில்லை. பெண் குரலுக்குப் போட்ட பாட்டு அது. தாடி மாஸ்டர் அதே சுருதியில், வெள்ளைக்கட்டைகளில் மட்டும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். முதல் நாளே அந்த ஏறுகிற இடத்தில் இவர் குரல் மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்துப் பயந்துபோன மகள், சுருதியை இறக்குகிற பொத்தானை அஞ்சு தடவை அழுத்திவிட்டாள். கட்டை அதேதான், விரல் போகிற வழியும் அதேதான், சத்தம் மட்டும் அஞ்சு படி கீழே கேட்கும். திரையின் ஓரத்தில் மைனஸ் அஞ்சு என்று விழுந்தது. அணைத்துப் போட்டாலும் மறக்கிற ரகமில்லை அந்தக் கீபோர்டு.

மறந்தது கண்ணாடிக்காரர்தான். ஒரே வாரத்தில் அந்தப் பொத்தான் அவர் நினைவிலேயே இல்லை. எட்டாத இடம் எட்டுகிறதென்றால் அது கேட்லாக்கின் மகிமை. ஊரார் மைனஸையெல்லாம் எழுதிக் கொடுக்கிறவருக்கு மூக்குக்கு நேரே இருந்த மைனஸ் கண்ணில் படவில்லை.

"மூச்சுப் பயிற்சியில குரல் எப்படித் திறந்திருக்கு பாருங்க" என்றார். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் ஊசியக்காவின் ஓய்வு நாள் நெருங்கியது. எல்லோரும் "இனிமே நிம்மதியா வீட்டுல இருங்கக்கா" என்றார்கள். அவள் போட்ட கணக்கு வேறு. பாட இருந்த ஒரே இடமும் கைவிட்டுப் போகிறது. இனிமேல் பொழுதன்றைக்கும் கேட்லாக், புர்ர், ஸ்ட்ரா, அதற்கு நடுவே வாயை மூடிக்கொண்டு இவள். லேபில் துணி மாற்றும் அறையில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

வழியனுப்பு விழாவில் தானே வாசித்துப் பாடுவதாகக் கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வந்தார்.

"அங்க ஹால்ல நிஜப் பியானோ நிக்குது, யாரோ புண்ணியவான் குடுத்தது. அதுலதான் வாசிக்கப்போறேன். உனக்கு என் பரிசு."

"நம்ம கீபோர்டையே எடுத்துட்டுப் போயிடலாமேங்க. பழகினது."

"பியானோ இருக்குற எடத்துக்கு இந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்க. கட்டைன்னா எல்லாம் கட்டைதான்."

பொத்தான் விஷயத்தை அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. முனகக்கூட ஆகாது என்று பூட்டிய வாய்தானே, மூடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

விழா காலையில். பியானோ மேலிருந்த தண்ணீர் கேன்களை இறக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் கோட்டும் கழுத்தில் மப்ளரும் வெந்நீர் பிளாஸ்க்குமாக வந்தார். திரைக்குப் பின்னால் புர்ர்ரென்று உதட்டைப் பழக்கினார். முன்வரிசையில் ஒரு டாக்டர் ஆம்புலன்ஸோ என்று திரும்பிப் பார்த்தார்.

தொடக்க இசை சுத்தமாக வந்தது. ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். பியானோவில் பொத்தான் ஏது? பாட்டு அதன் சொந்த இடத்தில் நின்றது. இவர் அண்ணாந்து அதை எட்டிப் பிடித்துக்கொண்டே முதல் இரண்டு வரியை ஓட்டினார். ஏறுகிற இடம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. குரல் கீச்சென்று உடைந்து, அப்புறம் அதுவும் போய் வெறும் காற்று வந்தது.

ஆனால் விரல்கள் நிற்கவில்லை. டிக் டிக்கென்று பழகிய விரல்களுக்கு நிற்கத் தெரியாது. பாட்டில்லாமல் பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்தது, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வரவில்லை. அவர் பிடரியில் வேர்வை வழிவதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் இந்த மனுஷன் ஒரு வருஷம் தரையில் படுத்து எழுந்திருக்கிறான். பியானோ மறுபடி அந்த இடத்துக்குச் சுற்றி வந்தபோது அவள் கட்டைவிரல் தன் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தது. வாய் தானாகத் திறந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் பாட்டுக்கு ஏறினாள்.

"அக்காவுக்கு மைக் குடுங்க!" என்று லேப் நர்ஸ் கத்தினாள்.

கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முழுத்தொண்டையில் பாடி அவர் கேட்டது அன்றுதான். கடைசி வரி முடிந்ததும் ஹால் எழுந்து நின்று கை தட்டியது. நர்ஸ் அவரிடம் வந்து, "தினமும் இங்க பாடுவாங்க சார். வீட்டுலயும் எப்பவும் கச்சேரிதான் போல?" என்று கேட்டாள்.

"ஆமாமா" என்றார்.

வீடு வந்து சேர்வதற்குள் அவருக்குத் தெம்பு திரும்பிவிட்டது.

"என் விரல் நின்னுச்சா பாத்தியா? அதான் டெக்னிக். நீயும் பரவால்ல, மூணாவது வரியில கொஞ்சம் எறங்கிட்டே. மூச்சுதான் பத்தல. நாளைக்குக் காலைல தரையில படு, கேட்லாக் வைக்கிறேன்."

அவள் கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் கீபோர்டு சுவிட்சைப் போட்டாள். பொத்தானை மேல்பக்கமாக அஞ்சு தடவை அழுத்தினாள். மைனஸ் அஞ்சு போய்ச் சைபர் வந்தது.

"என்ன பண்றே?"

"பாட்டு ஆரம்பிச்ச அன்னிக்கே உங்க பொண்ணு எறக்கிவச்சதுங்க இது. நீங்க ஏறல. பாட்டுதான் எறங்குச்சு."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"அப்ப நான் எப்படிப் பாடுறது?"

"நாளைலேர்ந்து நான் வீட்டுலதான் இருப்பேன். பாட்டை நான் பாத்துக்கறேன். நீங்க வாசிங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் எலுமிச்சம்பழத்தைத் தேடினார்.