கத்தி குடித்த தண்ணீர்

என் மருமகள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். போன மாதம் ஃபோனிலேயே சொல்லி ஒரு கத்தி வரவழைத்தாள். மடக்குகிற கத்தி இல்லை, அலகு நீட்டியே நிற்கிற கத்தி. வந்த அன்றே அதன் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிப் போட்டாள். ஒரு துண்டுக் கட்டையை வைத்துக்கொண்டு, ஃபோனைப் பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பால்கனியில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தாள். முதல் தடவை செய்கிற கை என்று பார்த்தாலே தெரிந்தது. வேலை முடிந்ததும் கத்தியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள். நான் போய் அதை எடுத்துத் துடைத்து மேலே வைத்தேன்.

"என்ன அத்தே, கத்தின்னா பயமா?" என்று சிரித்தாள்.

எனக்குப் பயம் கிடையாது. இந்தக் கல்கத்தாவில் எத்தனை வெள்ளம், எத்தனை கலவரம் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுததில்லை. கத்திக்குப் பயந்தது ஒரே ஒரு தடவை. அப்போது எனக்கு எட்டு வயது.

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு யார்டில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவர்களுடைய அப்பா கப்பல் ஏறிப் போனவர், திரும்பவே இல்லை. அவர்களுடைய ஆத்தாளும் மாமாவுக்கு நாலு வயதாகும்போது செத்துப்போனாள். அம்மாதான் தம்பியை வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது, சீர்ப் பாத்திரங்களோடு அவரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள் என்று அப்பா கேலி செய்வார்.

மாமா கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பூஜை விடுமுறை முடிந்த கையோடு ஒரு நாள் கத்தி ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். ஏதோ கப்பலில் கழித்துப் போட்டது. ஒரு சாண் அலகு நன்றாகத்தான் இருந்தது. பிடி மட்டும் உளுத்துக் கொட்டியது.

"மார்கழி பிறந்ததும் கப்பல் ஏறப்போறேன்க்கா. சமையக்கட்டுக்கு ஆள் வேணுமாம். சொந்தக் கத்தி இருந்தா வான்னு சாரங்கு சொல்லிட்டாரு" என்றார். சாரங்கு என்றால் கப்பலுக்கு ஆள் எடுக்கிறவர்.

அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கப்பல் ஏறினவுக யாரு நம்ம வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கா?"

"அவரு போனாரு. நான் போயிட்டு வருவேன்."

அதற்குப் பிறகு பத்து நாள் வீட்டில் இதே சண்டை. அம்மா அழுதாள், பட்டினி கிடந்தாள். மாமா அசையவில்லை. அவர் பாட்டுக்குக் கத்திக்குப் பிடி போடுகிற வேலையில் இறங்கிவிட்டார்.

அவருக்கு அந்த வேலை தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. பூஜை முடிந்து ஜீலில், அதாவது பக்கத்து ஏரியில், கரைத்த துர்க்கை சிலையின் மரச்சட்டம் கரை ஒதுங்கிக் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி வந்து தகரக் கூரையில் காயப்போட்டார். பக்கத்து வீட்டு மாஷிமா அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமியோடு தண்ணீருக்குள் போன கட்டை, அதை எடுக்காதே, அது மறுபடி தண்ணீரையே கேட்கும் என்று வங்காளியில் கத்தினாள். "கேட்டா கடலையே குடுக்கேன் மாஷிமா" என்றார் மாமா.

கட்டையைச் சீவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, தன் கைக்கு அடக்கமாக ஆக்கினார். பிறகு கத்தியின் வாலை, பிடிக்குள் போகிற கம்பியை, கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சி, கட்டைக்குள் இறக்கினார். புகை வந்தது. மரம் எரிகிற வாசனையோடு குளத்துச் சேற்று வாசனையும் வந்தது. சந்தில் அரக்கையும் செங்கல் தூளையும் உருக்கி ஊற்றினார். காய்ச்சும்போது அலகில் ஈரத் துணி சுற்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சூடு ஏறி அலகு முழுவதும் மயில்கழுத்து நிறமாக ஆகிவிட்டது.

"பாத்தியா மருமகளே, கத்திக்குக் கலர் ஏறிருச்சு!" என்று என்னிடம் காட்டினார். எனக்கும் அழகாகத்தான் இருந்தது.

சாணை பிடிக்க அவரோடு நானும் கொல்லுப்பட்டறைக்குப் போனேன். கிழட்டுக் கொல்லர் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பான் சோலே கேச்சே. ஆபார் பான் தித்தே ஹோபே" என்றார். பான் போய்விட்டது, மறுபடி பான் கொடுக்க வேண்டும். கொல்லர்கள் பான் என்பது இரும்புக்கு ஏற்றுகிற பதத்தை; அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். கொடுக்காவிட்டால் ஒரு நாள் கத்தி கையைப் பார்த்துவிடும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிடியைக் கழற்றினால்தான் முடியும் என்றதும் மாமாவுக்கு மனசு வரவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு வெற்றிலையை வாங்கி அலகின் மேல் வைத்து, "பான் வேணுமாம் தொரைக்கு, போட்டுக்கோ" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வங்காளிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததில்லை என்பது வேறு விஷயம். பாடப் புத்தகத்தில் மாடு ஜீலில் 'ஜொல் பான்' செய்யும், அதாவது தண்ணீர் குடிக்கும். பான் என்றால் குடிப்பது. மாமாவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. கத்திக்குத் தாகம். கொடுக்காவிட்டால் அது மாமாவின் கையிலிருந்து குடித்துக்கொள்ளும்.

மறுநாளிலிருந்து நானே கொடுத்தேன். மாமா விடிந்ததும் துறைமுகத்துக்குப் போய்விடுவார், கத்தி அவர் டிரங்குப் பெட்டியின் மேல் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பிட வரும்போது, கொல்லையில் கரி கொட்டியிருக்கும் அறையில் எனாமல் ஜக்கு ஒன்றை வைத்து, குழாய்த் தண்ணீரைப் பாதியளவு ஊற்றி, கத்தியைத் தலைகீழாக நிறுத்துவேன். முனைதான் அதன் வாய் என்று நானே தீர்மானித்திருந்தேன். நாலு மணிக்கு வந்து எடுத்துத் துடைத்து, பழைய இடத்தில் வைப்பேன்.

முதல் நாள் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. குடிக்கிறது என்று எனக்குப் பெருமை.

நாலாவது நாள் போய்ப் பார்க்கும்போது ஜக்கு விளிம்பு வரை நிறைந்திருந்தது. பாதிதான் ஊற்றினேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அலகு போக, பிடியும் பாதி முழுகியிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். குடிக்க வேண்டிய கத்தி, தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. யார்டில் வண்டிகளைக் கோக்கிற சத்தம் தூரத்தில் கேட்டு நின்றது. அந்த அமைதியில் கட்டைக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலையில் கத்தியைப் பிடித்துப் பார்த்து, "பிடி நல்லா இறுகிருச்சுக்கா" என்று சந்தோஷப்பட்டார். ஊறின மரம் உப்பி இறுகத்தானே செய்யும். அம்மா அவர் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். அந்த நாட்களில் அம்மா சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். அழுகையும் இல்லை. வீட்டில் திடீரென்று அமைதி வந்துவிட்டது, அதுவே எனக்கு என்னமோ போல இருந்தது.

ஒரு நாள் அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

கடல்தான் என்று நினைத்தேன். கப்பலில் இருந்த கத்தி, கடலைக் கூப்பிட்டு வரவழைக்கிறது. ஜக்கைக் கவிழ்த்துவிட்டுக் கத்தியைக் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் வைத்தேன். இனி அதன் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் நான் கத்தியைத் தொடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய், நாலு மணிக்கு வந்து கரியறைக் கதவை லேசாகத் தள்ளினேன். ஜக்கு நிமிர்ந்திருந்தது. விளிம்பு வரை தண்ணீர். கத்தி அதற்குள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

அலறிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். "அம்மா, கத்தி தானா நடந்து போயித் தண்ணி குடிக்குதும்மா!"

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் முந்தானை ஈரமாக இருந்தது. "சத்தம் போடாத. யார்ட்டயும் சொல்லக் கூடாது, மாமாட்டயும்தான். சொன்னா மாமாக்கு ஆகாது. என்னட்டீ, சொல்ல மாட்டியே?" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது மாமா கப்பல் ஏற. ஒவ்வொரு நாளும் என் வாய் வரை வந்தது. சத்தியத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். அம்மா பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்தாள். "என் அருவாமனைக்கு இது அசையலடா. ஒன் கப்பக் கத்தி எப்படி வெட்டுதுன்னுதான் பாப்போமே."

மாமா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வெள்ளக்காரன் கத்தி, பாத்துக்கோ!" என்று ஓங்கி இறக்கினார். அலகு காய்க்குள் பாதி போய் நின்றது. பலம் கொடுத்து அழுத்தினார். பிடி இரண்டாகப் பிளந்தது. அலகு திரும்பி, அவருடைய வலது உள்ளங்கையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போயிற்று.

அம்மா போட்ட சத்தத்தைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மாஷிமா ஓடி வந்து பூசணியையும் ரத்தத்தையும் பார்த்து, "மா! மா!" என்று துர்க்கையைக் கூப்பிட்டாள். நான் மூலையில் நின்று, குடித்துவிட்டது, குடித்துவிட்டது என்று முனகிக்கொண்டிருந்தேன். என்னால்தான். சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். மூன்று விரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கப்பல் போய்விட்டது. மாமா கடைசி வரை எங்களோடுதான் இருந்தார். ஸ்டேஷன் வாசலில் ஒரு பெட்டிக்கடை, இடது கையால் பீடி எடுத்துக் கொடுப்பார். அம்மா அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

எனக்குக் கல்யாணமாகி, சொந்த அடுக்களை வந்த பிறகு, ஊறுகாய்க்கு உப்பில் போட்ட மாங்காயோடு ஒரு கத்தியை மறந்து விட்டுவிட்டேன். இரண்டு நாளில் அலகைத் துரு தின்றிருந்தது, பிடி பிளந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஜக்கை நிறைத்த கை எது, உப்பு எந்தச் சாடியிலிருந்து வந்தது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பிடி கழன்றால் போதும், கப்பலுக்குக் கத்தி இருக்காது என்று மட்டும்தான் அம்மா நினைத்தாளா? அப்படியானால் பூசணிக்காயை ஏன் கொண்டுவந்து வைத்தாள்? அம்மா உயிரோடுதான் இருந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அதை என் கண் முன்னாலேயே பேசி முடித்திருந்தார்கள்.

கை தைத்து வந்த மறுநாள், மாமா வாசலில் உட்கார்ந்து, உடைந்த கத்தியின் வாலை இடது கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். துருவோடு வெள்ளையாக என்னமோ பூத்திருந்தது. அதை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார். அம்மா சோறு பிசைந்து கொண்டுவந்து அவருக்கு ஊட்டினாள். ஒரு வாய், இரண்டு வாய்.

"உப்புப் போதுமாடா?" என்றாள்.

மாமா அவள் முகத்தையே பார்த்தார். "கூடிப்போச்சுக்கா" என்றார். "பரவால்ல. நீ போட்டதுதான."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. நான் ஓடிப்போய்த் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சோற்றில் உப்பே இல்லை. கையைக் குடித்த கத்தி மாமாவின் நாக்கையும் கெடுத்துவிட்டது என்று நினைத்து, நானும் அவர்களோடு உட்கார்ந்து அழுதேன்.