கலங்கல் கற்களுக்கு இடையே வைத்த மண்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்கள், நண்பர்கள் அனைவரையும் வணங்குகிறேன். பெற்றோர் இல்லாத நிலையில் இதை எழுதும் கடமை தங்கையாகிய என்னிடம் வந்தது.

அண்ணன் ஆம்பூரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தவர். கால் புண் ஆறாமலேயே அண்ணனைப் படிக்க வைத்தார். வேலூரில் பள்ளிப்படிப்பு, சென்னையில் பொறியியல். அங்கே அண்ணன் விரும்பிக் கற்றவை இரண்டு. பெய்யும் மழையில் ஏரிக்கு எவ்வளவு நீர் வந்து சேரும் என்று கணிக்கும் நீரியல் ஒன்று. சேர்ந்த நீர் எவ்வழியே, என்ன வேகத்தில் வெளியேறும் என்று கணக்கிடும் ஹைட்ராலிக்ஸ் மற்றொன்று. விடுமுறையில் வந்தால் தெருக் கால்வாயில் ஒரு பலகையை நட்டு, தண்ணீர் அதன்மேல் வழிவதை எனக்குக் காட்டுவார். அதைப் பார்த்து வந்த ஆசையில்தான் நானும் வரைபடப் பயிற்சி பெற்று, வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசர் வேலையில் சேர்ந்தேன்.

படிப்பு முடிந்ததும் அண்ணன் பொதுப்பணித் துறையில் ஏரிகளைப் பார்க்கும் இன்ஜினீயரானார். அவர் குணங்களில் மூன்றைச் சொல்ல வேண்டும். நேரில் போய்ப் பார்க்காத ஏரியைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார். மண் சுமக்கும் ஆளையும் 'வாங்க' என்றே அழைப்பார். பிறர் கெஞ்சினால் தாங்க மாட்டார். அந்த மூன்றாவதுதான் அவரைக் கொண்டுபோயிற்று.

ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து போகக் கலங்கல் உண்டு. அதன் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடிந்த பின் கற்களுக்கு இடையே மண் அடைத்துக் கொஞ்சம் கூடுதலாக நீர் தேக்குவது நம் பக்கத்து வழக்கம். மழை முடியுமுன் அடைக்க அண்ணன் யாரையும் விட்டதில்லை. தொடர்ந்து பயிர் காய்ந்துவந்த காலத்தில், ஓராண்டு கார்த்திகைக்கு முன்பே மழை நின்றுவிட்டது. அவர் பொறுப்பில் இருந்த ஓர் ஏரியின் விவசாயிகள் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸுக்கே வந்தார்கள். நான் மோர் கொண்டுவந்து வைத்தேன்.

"ஒரு மொழம் தண்ணி ஜாஸ்தி நின்னா பொழைச்சிக்குவோம் சார்," என்றார் ஊர்ப் பெரியவர்.

"மழை வந்துட்டா?"

"இன்னா சார், மேல பாருங்க. வெளுத்துப் போய்க் கெடக்குது."

அவருக்குப் பின்னால் நின்றவர் சிரித்தார். "சார் பேனாவுல 'வாணாம்'னு எழுதற மை மட்டுந்தான் ஊத்தி வெச்சிக்கிறாரு."

அண்ணனும் சிரித்துவிட்டார். பிறகு எழுந்து போய் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "கதிர் பால் பிடிக்கிற வரைக்கும்தான். மேகம் கட்டினா அந்த நிமிஷமே பிரிச்சிடணும்," என்றார்.

"நாங்களே பிரிச்சிடறோம் சார். எங்க ஊராச்சே."

மழை வந்தது. மேற்கே மலையில் பெய்த மழை, இங்கே மேகம் தெரியுமுன்பே ஏரிக்குள் இறங்கிவிட்டது. மண்ணைப் பிரிக்கப் போனவர்களால் கலங்கலில் கால் ஊன்ற முடியவில்லை. ஜீப்பில் கிளம்பிய அண்ணன், ஓடை பெருகியதால் இக்கரையிலேயே நின்றுவிட்டார். வழிய இடமில்லாமல் நீர் ஏறி, பிற்பகலில் கரை உடைந்தது. கரையடியில் குடிசை போட்டிருந்த கூலிக் குடும்பங்களில் சிலர் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். கற்களுக்கு இடையே அந்த மண்ணை மிதித்து வைத்த கூலிக்காரரின் மனைவியும் அவர்களில் ஒருவர்.

விசாரணையில் ஊரார், "இன்ஜினீயர் சொன்னாரு, வெச்சோம்," என்றார்கள். "அனுமதி கொடுத்தது நான்தான்," என்று அண்ணனும் சொன்னார். கெஞ்சியதை ஒருவரும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பேசி முடித்திருந்த திருமணத்தை அவரே வேண்டாம் என்றார். சாப்பாடு குறைந்தது, பிறகு மஞ்சள் காமாலை. வேலூர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது தினமும், "வெளியே மழையா?" என்பார். "இல்லண்ணா, வெயில்தான்," என்பேன். நம்ப மாட்டார். ஜன்னலைத் திறந்து காட்டினாலும் நம்ப மாட்டார். அப்படியே போனார்.

அவரைத் தேற்ற எனக்குத் தெரிந்த எதுவும் உதவவில்லை. அந்த மண் இல்லாவிட்டாலும் கரை உடைந்திருக்கும் என்று நான் கணக்குச் சொன்னால் அவர் அதைவிடச் சரியான கணக்கைச் சொல்வார். அது எப்போதும் அவருக்கு எதிராகவே முடியும்.

அண்ணனின் படிப்புக்குத் துணைநின்ற அப்பாவின் முதலாளி பாய், இரவு பகல் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர், தோள் கொடுத்த அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். காரியத்தன்று அந்தக் கூலிக்காரர் நடந்தே வந்து வாசலில் நின்றார். உள்ளே அழைத்தேன், வரவில்லை.

"சார் வாணாம்னு சொல்லியிருந்தாலும் நாங்க வெச்சிருப்போம்மா. பயிரு அப்படிக் காஞ்சி நின்னுச்சி," என்றார்.

"இதை அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ஊரே வாய மூடிக்கினு இருந்திச்சிம்மா. நான் மட்டும் இன்னான்னு வருவேன்?"

அவரும் இழந்தவர். வந்ததற்கு அவருக்கும் எங்கள் நன்றி.