அப்பாவின் ரத்தப் பரிசோதனை

என் அம்மா கல்யாணம் செய்துகொண்டது சொந்தத் தாய்மாமனை. எங்கள் பக்கத்தில் அது ஒரு செய்தியே அல்ல. பாப்பாரப்பட்டிச் சந்தையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் வீட்டில் அப்படி ஒரு ஜோடியாவது இருக்கும். ஆனால் பெங்களூரு மருத்துவமனையில் மரபணு ஆலோசகராக இருந்த இளம்பெண்ணுக்கு அது பெரிய செய்தியாக இருந்தது.

அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். வயிறு உப்பியதை வாயு என்று நினைத்து மாதக்கணக்கில் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், கடைசியில் பெங்களூருக்குப் போனபோது நோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்த பிறகு அவள் ரத்தத்தைச் சோதித்தார்கள். உடைந்த டி.என்.ஏ-வைச் சரிசெய்கிற ஒரு மரபணு அவளுக்குப் பிறவியிலேயே பழுது என்று தெரிந்தது. அப்படியானால் அவளுடன் பிறந்த எனக்கும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அந்த ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். பயப்பட வேண்டிய இடத்தில் கேள்வி கேட்பதுதான் என் வியாதி என்பார் என் கணவர். அன்றும் அப்படித்தான், வாய் ஓயவில்லை. சினைப்பைப் புற்றுநோய் என்று பெயர் வைத்திருக்கிறார்களே ஒழிய, இந்த வகை பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லையாம். பக்கத்தில் இருக்கும் கருக்குழாயின் ஓரத்தில், குஞ்சம் போன்ற நுனியில், மேலுறைச் செல் ஒன்றில் தொடங்குகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றனவாம். எத்தனை வருடமாக அந்தக் குழாயைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்! முட்டை போகும் வழி என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

ஆலோசகர் எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டே வந்தார். வட்டம் பெண், சதுரம் ஆண். அம்மாவின் அம்மா வயிறு வீங்கிச் செத்துப்போனதைச் சொன்னேன். அந்த வட்டத்துக்குக் கறுப்பு மை பூசினார்.

"இவங்க உங்க அப்பாவுக்கு என்ன வேணும்?" என்றார்.

"அக்கா."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா அம்மாவைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார். "உங்க ஆத்தா வழி நோவு. எம் புள்ளையப் புடிச்சிருக்குது" என்பார். அம்மாவும் தலையைக் குனிந்துகொள்வாள். செத்தவள் அவருக்கும் கூடப்பிறந்தவள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, மரபியல் நடத்தும் எனக்கும் சேர்த்துத்தான்.

அம்மா, அப்பா இரண்டு பேரையும் சோதிக்க வேண்டும் என்றார் ஆலோசகர். அம்மா உடனே சரி என்றாள். அப்பா துள்ளினார்.

"எனக்கென்ன சினைப்பையா இருக்குது? பொம்பள நோவுக்கு ஆம்பள ரத்தத்த எடுத்து என்ன பண்ணுவாங்களாம்?"

ஆண்களுக்கும் இந்தப் பழுதால் வேறு புற்றுநோய்கள் வரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, காளை பால் கறக்குமா?"

"என்னடி கேள்வி இது?"

"சினை ஊசி போட வர்றவருகிட்ட, அந்தக் காளையோட ஆத்தா எவ்ளோ கறந்துச்சுன்னு கேக்காம நீங்க ஊசி போட வுட மாட்டீங்களே. பாலே இல்லாத காளைகிட்ட அது எதுக்குங்க?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். வெகுநேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, "எந்த லேப்புக்குப் போவணும்?" என்றார். தர்மபுரியிலேயே மூன்று பேரும் ரத்தம் கொடுத்தோம்.

முடிவு வந்த அன்று ஆலோசகர் வீடியோ அழைப்பில் வந்தார். தனித்தனியாகச் சொல்லட்டுமா என்று கேட்டார். எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னார் அப்பா. அக்காவும் வந்திருந்தாள். அம்மாவுக்கு அந்தப் பழுது இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

அழைப்பு முடிந்தது. "இத்தன நாளா என்னையச் சொன்னீங்களே மாமா" என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்கண்ணு, குடுத்தத நானே திரும்ப வாங்கிக்க ஒரு ஊசி கெடையாதா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொன்றைச் சொன்னேன். உடைந்த டி.என்.ஏ-வைச் சரிசெய்யச் செல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. அக்காவின் புற்றுச் செல்களில் முக்கியமான வழி ஏற்கனவே கெட்டுப்போயிருக்கிறது. இப்போது அவள் விழுங்கும் மாத்திரை இன்னொன்றை அடைக்கிறது. தர்மபுரிக்குப் போகும் ஒரு பாதையை வெள்ளம் அடித்துப்போன நேரத்தில் மற்றதில் மண் கொட்டி மூடுவது போல. போக்கிடம் இல்லாமல் அந்தச் செல்கள் சாகின்றன. நல்ல செல்களில் அந்த மரபணுவின் இன்னொரு பிரதி ஒழுங்காக இருப்பதால் அவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

"நீங்க குடுத்த அந்தப் பழுது இருக்கறதாலதாம்ப்பா அக்காவுக்கு மாத்திரை நல்லாக் கேக்குது" என்றேன்.

அப்பா அதைக் கவனமாகக் கேட்டார். அவருக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் ஆறுதல் அடையவில்லை.

"அவளுக்கு மாத்திரை இருக்குது. சரி. ஒனக்கு?"

"எனக்கு வர்றதுக்கு முந்தியே கருக்குழாயும் சினைப்பையும் எடுத்துடலாம்னு சொல்றாங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஒரு வலியும் இல்லாத உடம்பை அறுக்கக் கொடுக்கப்போகிறோமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, இந்த வாய்ப்புக் கிடைக்காமல் போனவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தேன்.

கீமோவுக்குப் பிறகு முளைத்த குட்டை முடியைத் தடவிக்கொண்டு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"யோசிக்கறதுக்கு என்னடி இருக்குது? எனக்கு வந்ததாலதான் ஒனக்குத் தெரிஞ்சுது. அதையும் வீணாக்கிடாத. போன எடுத்துத் தேதி கேளு."