பிரிட்டன் விலகட்டும் என்று நான் ஏன் சொன்னேன்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ராஜு அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். காரணம் — பிரிட்டன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே பிரிட்டன்தான்.

ஞாயிறு காலையில் எங்கள் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே எங்களுக்கென்று ஒரு மேசை உண்டு. நான், என்னோடு பள்ளியில் படித்த லெட்சுமி, அவள் கணவர் ராஜு அண்ணன். அண்ணன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளோடு மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர். ஏற்றுமதி இறக்குமதி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், தோசை ஆறிப்போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுகிறோம், அதற்குத் திட்டம் இருக்கிறது என்கிறது பிரிட்டன் அரசாங்கம். அந்த ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேர் நம்பவில்லை. எங்கள் மேசையா நம்பும்?

"பிளான் இருக்கு, பிளான் இருக்குன்னு சொல்றாங்க லா. எங்க, காட்டச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் அண்ணன். "உட்லண்ட்ஸ் பாலத்துல மலேசியா போற லாரி எவ்வளவு நேரம் நிக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கதி. இவங்க இல்லாத கேட்டைப் புதுசா கட்டப் போறாங்களாம்."

"மண்டபம் புக் பண்ணாம பத்திரிகை அடிச்ச மாதிரிதான்" என்றாள் லெட்சுமி.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"தனியாப் போனா என்னண்ணே? நாம மலேசியாவ விட்டுத் தனியா வரலையா? கெட்டா போயிட்டோம்?"

அண்ணன் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். "நாம எங்க வந்தோம்? அனுப்பிட்டாங்க. அன்னிக்கு எங்கப்பா சாப்பிடவே இல்ல, தெரியுமா உங்களுக்கு?"

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். "சும்மா பயந்தாங்கொள்ளி மாதிரிப் பேசாதீங்க" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் மனிதர்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியும். மீன் விலையைத் தாண்டி எந்தப் பொருளாதாரமும் எனக்குத் தெரியாது. அப்புறம் ஏன் எங்கேயோ இருக்கிற நாட்டுக்காக வரிந்துகட்டிக்கொண்டு போனேன்?

சொல்ல வெட்கமாக இருக்கிறது... ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் கதிர் லண்டனில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறான். போய் ஐந்து வருஷம் ஆகிறது. பிரிட்டன் விலகினால் அவன் டீமை வேறு ஊருக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒருநாள் போனில் சொன்னான். டப்ளின், பிராங்க்பர்ட், இல்லாவிட்டால் சிங்கப்பூர். மூன்று ஊர் சொன்னான். என் மனசில் ஒட்டியது கடைசி ஊர் மட்டும்தான்.

புக்கிட் மேராவில் மூன்றறை வீடு. என் வீட்டுக்காரர் தவறிப்போனபிறகு அதில் நான் மட்டும். டிவி பேசுகிறது, லிஃப்ட் பேசுகிறது, நான் பேசுவதில்லை. யாராவது வெளியே இருந்து சாவி போட்டு என் வீட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் — அதைக் கேட்க வேண்டும் எனக்கு. அவ்வளவுதான். அதற்காக ஒரு நாடு விலகினால் விலகட்டுமே!

கதிர் அறையில் இருந்த தையல் மெஷினை ஹாலுக்கு இழுத்துப் போட்டேன். புது மெத்தை வாங்கினேன். பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்கவில்லை. அவனே வந்து பிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி எங்கள் போன் நேரம். போன வாரம் ஐந்து நிமிஷம் முன்னாலேயே அடித்தது.

"ம்மா, ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. டப்ளின்."

நான் கையில் இருந்த முருங்கைக்கீரையைப் பார்த்தேன். பாதி ஆய்ந்திருந்தேன்.

"நல்ல ஊராடா?"

"லண்டன் மாதிரிதான். மழை கொஞ்சம் ஜாஸ்தி."

"சரி. நல்ல குடையா வாங்கிக்கோ."

"இடம் மாத்த வேணாம்னுதான் ஆபீஸ்ல எல்லாரும் சொன்னோம். யாரு கேக்கறா? வீடு வேற மாத்தணும்..." என்றவன், குரலை இறக்கிக்கொண்டு கேட்டான்: "நீங்க ஓகேவாம்மா?"

"எனக்கென்னடா? நான் ஜம்முனு இருக்கேன்" என்றேன். மீதிக் கீரையை ஆயவில்லை. அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

மறுநாள் தேக்கா. ராஜு அண்ணன் வந்திருந்தார், ஆனால் செய்தித்தாளுக்குப் பின்னால்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம். பாக்கெட் இருந்தால் ஆள் வருகிறார் என்று அர்த்தம். யாரும் உட்கார மாட்டார்கள். கதிர் இருந்த காலத்தில் நான் இரண்டு பாக்கெட் வைப்பேன். எனக்கு ஒன்று, எதிரே அவனுக்கு ஒன்று. அவன் போனபிறகும் கை இரண்டாகத்தான் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டத்தில் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருப்பது கிட்டத்தட்டக் குற்றம். "யாருக்குடி அது?" என்று ஆரம்பத்தில் லெட்சுமி கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

"என்ன, உங்க பிரிட்டன் எப்படி இருக்கு?" என்றார் அண்ணன் பேப்பரை இறக்காமல்.

"கதிர் டப்ளின் போறான்ணே. சிங்கப்பூருக்கு இல்லையாம்."

பேப்பர் மெதுவாக மடிந்தது. அவருக்கு அப்போதுதான் புரிந்தது, நான் எதற்காக அந்தக் கத்துக் கத்தினேன் என்று. பயந்தாங்கொள்ளி கணக்கை அவர் எடுக்கவில்லை. எழுந்துபோய் இஞ்சி டீ வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். நான் கேட்கவே இல்லை. லெட்சுமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் பிரியாணித் தட்டோடு வந்து நின்றார். ஜூரோங் கப்பல் பட்டறை ஆள் போலிருந்தது, நாற்பத்தைந்து வயதிருக்கும். தட்டு சுட்டிருக்க வேண்டும், கை மாற்றி மாற்றிப் பிடித்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு எதிரே இருந்த டிஷ்யூ பாக்கெட்டைக் காட்டினார்.

"அக்கா, இங்க யாராச்சும் வராங்களா?"

லெட்சுமி என்னைப் பார்த்தாள். அண்ணன் டீயைப் பார்த்தார்.

"இல்லங்க. யாரும் வரல. உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டிப் பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எடுக்க இரண்டு நொடி. அதற்கு மனசு வர ஐந்து வருஷம். விலகத் தெரியாமல் தடுமாறுகிற அந்த நாட்டை இனிமேல் யாராவது என் எதிரில் கிண்டல் செய்து பாருங்கள்... சண்டைக்கு வருவேன்.