கூட்டுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர்

வாழவந்தி நாட்டுச் சோலையில் பறவைப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆண் அரசவால் ஈப்பிடிப்பான் நீண்ட வெள்ளை வாலைத் தொங்கவிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. கேமராவோடு வந்த ஒருவர் கூட்டுக்கு அடியில் ஸ்பீக்கரை வைத்து, அதே இனத்தின் குரலை ஓடவிட்டார். வேறொரு ஆண் பறவை வந்துவிட்டதென்று நம்பி, அது முட்டைகளை விட்டுவிட்டுக் கீழே பாய்ந்தது.

"அணைச்சிருங்க. முட்டை தனியாக் கெடக்குது," என்றேன்.

"ரெண்டு நிமிஷங்க. வால் முழுசா படத்துல வரட்டும்."

சொல்லிக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார். வால்காக்கை ஒன்று கூட்டில் இறங்கி, ஒரு முட்டையை உடைத்துக் குடித்தது. கைதட்டி விரட்டினேன்.

"அட, இதை எடுக்காம உட்டுட்டனே!" என்று அவர் வருத்தப்பட்டார்.

ஸ்பீக்கரை அணைத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க, அது என்னுதுங்க!"

"முட்டை மட்டும் உங்களுதுங்களா? வனத்துறை ஆபீஸ்ல வந்து வாங்கிக்குங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.