ரத்த வங்கியில் நான் சொன்ன ஹவ்

என் ரத்தம் ஓ நெகட்டிவ். தெலுங்கு நாட்டில், மௌலா அலி பக்கம் நாங்கள் வளர்ந்த ஊழியர் காலனியில் இது ஊரறிந்த விஷயம். யாருக்குப் பிரசவம், யாருக்கு விபத்து என்றாலும் முதல் போன் எனக்குத்தான். ரத்ததான முகாமில் ஃபாரத்தை நீட்டுவார்கள். எல்லாக் கேள்விக்கும் மேலிருந்து கீழ்வரை 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன்.

அந்த வரிசையில் என்னைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. ஆணோடு உறவு வைத்திருக்கும் ஆண் ரத்தம் கொடுக்கக் கூடாதாம். அதற்கும் 'இல்லை' என்றுதான் போட்டேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, இருபது வருடமாக. எங்கள் காலனியில் எத்தனையோ பேர் உடம்பில் ஓடுவது அந்தப் பொய்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன வருடம் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன். திருமுல்கேரிப் பக்கத்து ஆஸ்பத்திரி. ஏற்கெனவே ரத்தம் போய்ப் போய் அவள் வெளிறிக் கிடந்தாள். அவளுக்கும் என் குரூப்தான். "கையிருப்பில் ஒரு பைதான் இருக்கிறது, இன்னொன்றுக்கு ஆள் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஆள் எங்கே போய்த் தேடுவது? நான்தான் ஆள். அத்தானோடு கீழ்த்தளத்து ரத்த வங்கிக்குப் போனேன்.

அங்கே ஃபாரத்தைக் கையில் கொடுக்கவில்லை. ஒரு அம்மாள் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி, இந்த ஊர்த் தக்கனி இந்தியில் கேள்வி கேட்டு அவரே எழுதிக்கொண்டிருந்தார்.

"கானா காயே?" சாப்பிட்டீர்களா என்கிறார்.

"ஹவ்."

"ராத் கோ அச்சா சோயே?" ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்கிறார்.

"ஹவ்."

வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ் பேசினாலும் வாசலைத் தாண்டினால் எங்களுக்கு ஹவ்தான். ஹவ் என்றால் ஆமாம். ஆனால் இந்த ஊரில் அதற்கு 'ம், சொல்லுங்க, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்' என்றும் அர்த்தம். என் நினைப்பெல்லாம் மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. அவர் கடகடவென்று கேட்டுக்கொண்டே போனார், நானும் ஹவ் ஹவ் என்று கொட்டிக்கொண்டே போனேன். திடீரென்று அவர் நிறுத்தினார். அப்புறம்தான் கடைசியாக என்ன கேட்டார் என்று எனக்கு உறைத்தது. ஆண்களோடு உறவு உண்டா என்று கேட்டிருக்கிறார். ஹவ் என்றிருக்கிறேன்.

"ஹவ்?" என்றார் அந்த அம்மாள்.

அந்த நேரத்தில் 'ஐயோ, சரியாகக் கேட்கவில்லை, நை நை, அப்படியெல்லாம் இல்லை' என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் அவர், கையெழுத்துப் போட என் பக்கம் நீட்டி வைத்திருந்த பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் தொட்டால் அந்தப் பேனா என்ன ஆகிவிடும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஹவ்," என்றேன். இந்தத் தடவை வேண்டுமென்றே சொன்னேன்.

உள்ளேயிருந்து டாக்டரைக் கூப்பிட்டார். சின்ன வயசு டாக்டர், மரியாதையான ஆள். "ரூல் அண்டி, நேனேம் சேயாலி?" என்று தெலுங்கில் சொல்லிக் கையை விரித்தார். விதி, நான் என்ன செய்ய முடியும் என்கிறார். என்னுடைய ரத்தம் இன்றைக்கு மட்டுமல்ல, எப்போதுமே வேண்டாமாம். "ஒவ்வொரு பையையும் எப்படியும் பரிசோதனை செய்துதானே ஏற்றுகிறீர்கள்? என்னுடையதையும் செய்யுங்கள்" என்றேன். போன மாத ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை போனில் எடுத்து நீட்டினேன். ஒன்பது வருடமாக ஒரே ஆளோடு மாதாப்பூரில் ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று, அந்த வரிசை முழுக்கக் கேட்க, ஒரு அந்நியரிடம் சொன்னேன். இதையெல்லாம் நான் ஏன் சொல்ல வேண்டும்? அவர் போனைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர், கேள்வி முடிவதற்கு முன்னாலேயே நை நை என்று தலையாட்டினார். அவரை உடனே உள்ளே அனுப்பிவிட்டார்கள். அவர் எங்கே போனார், யாரோடு இருந்தார் என்று ஒருத்தருக்கும் அக்கறை இல்லை.

அத்தான் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். முகம் செத்துக் கிடந்தது.

"ஏம்ல, இல்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? என்ன கேடு உனக்கு?"

"வாய் தவறி வந்துட்டு அத்தான்."

"ரெண்டாவது தடவையும் தவறிட்டோ? ஒன் ரோஷம் பெருசா, ஒங்கக்கா உயிரு பெருசால?"

அவர் கேட்டதும் நியாயம், என் கோபமும் நியாயம். நடுவில் அக்கா கிடக்கிறாள்.

ஆட்டோ பிடித்து வேறொரு ரத்த வங்கிக்குப் போனோம். அங்கே ஃபாரத்தைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் கேள்வி பதினான்காவதாக இருந்தது. 'இல்லை' என்று டிக் அடித்தேன். இருபது வருடத்தில் முதல்முறையாகக் கை கூசியது. "ஷாதி ஹோ கயீ?" என்று ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான், "ஹவ் ஹவ், தோ பச்சே ஹைங்" என்று எனக்குக் கல்யாணமும் செய்துவைத்து இரண்டு பிள்ளைகளையும் கொடுத்துவிட்டார். மாதாப்பூர் வீட்டில் எனக்காக லீவு போட்டுவிட்டு அக்காவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தவனை, ஒரே வரியில் இல்லாமலே ஆக்கிவிட்டார்.

அங்கே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிஸ்கட், ஜூஸ், ஒரு சான்றிதழ். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் விரட்டப்பட்ட அதே ரத்தம்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அத்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். மாதாப்பூரிலிருந்து அவன் கொடுத்தனுப்பிய கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"ரொம்ப அசிங்கப்படுத்திட்டாவளோ?"

"ஆமாக்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை கொஞ்சம் சூடாக இருந்தது, உள்ளங்கையில் சிவப்பு திரும்பியிருந்தது.

"இனிமே எவன் கேட்டாலும் இல்லன்னே சொல்லிரு, என்ன? எதுக்குய்யா நமக்கு வம்பு? சொல்லாம இருந்தா ஒனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

பாசத்தோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பேனாக்கார அம்மாளிடம் சண்டை போடலாம், டாக்டரிடம் கத்தலாம். இவளை என்ன செய்வது?

"மாட்டேன்க்கா," என்றேன். "இனிமே யாரு கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவேன். ஒனக்கு ரத்தம் வேணும்னா மட்டும் இல்லன்னு சொல்லுதேன்."

அவள் பிடித்திருந்த கையை விடவில்லை.