விசிறியில் படிந்த சாம்பிராணி

சுங்கை ஊடாங் ஊரில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஓய்வு நாள்களில் கணினியில் ஆன்லைன் கேம் விளையாடுவேன். இரண்டு மாதங்களுக்கு முன், விளையாட உட்கார்ந்த பத்தே நிமிடத்தில் கணினி தானாக அணையத் தொடங்கியது.

உடன் வேலை செய்யும் முருகையா அண்ணனை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன்.

“வைரஸ்தான்லா. ஃபார்மேட் அடிச்சா சரியாப் போயிரும். உள்ள முக்கியமானது ஏதும் இருக்கா?” என்று கேட்டார்.

“கேம் மட்டும்தாண்ணே இருக்கு, அடிச்சிருங்க” என்றேன்.

எல்லாவற்றையும் அழித்தார். அவர் போனதும் கேமை மறுபடி ஏற்றி விளையாடினேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் அணைந்தது. எரிச்சலில் பக்க மூடியைக் கழற்றினேன். விசிறி முழுக்கப் பிசுபிசுவென்று கருந்தூசி. சாம்பிராணி வாடை அடித்தது.

கணினி மேசைக்கு மேல்தான் போன வருடம் இறந்த என் மனைவியின் படம் இருக்கிறது. வெள்ளி தவறாமல் நான் போட்ட புகை விசிறியை அடைத்துக் கணினியைச் சூடாக்கியிருக்கிறது.

நிமிர்ந்து படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவள் பேசிய வீடியோக்களை எல்லாம் அந்தக் கணினியில்தான் போட்டு வைத்திருந்தாள். வேறு எங்கும் இல்லை.

வேலையிடத்தில் எந்த இயந்திரம் சூடானாலும் முதலில் தூசியைத்தான் பார்ப்பேன். வீட்டில் அந்தப் புத்தி வரவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை விசிறியைத் துடைக்கிறேன். எதையும் காப்பி எடுக்காமல் அழிப்பதில்லை. சாம்பிராணியை நிறுத்த மனம் வராமல், கணினியை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன். அதில் இப்போது உண்மையிலேயே கேம் மட்டும்தான் இருக்கிறது.